அறுபது பரவாயில்லை

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டியிருப்பார், சீடர் எட்டு முழ வேட்டி. வழக்கத்துக்கு இது கொஞ்சம் தலைகீழ்தான். என்ன செய்வது, நடந்தது அப்படி.

சீடரின் பெயர் திருமலைக்கொழுந்து. தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில், ஐந்து தலைமுறையாக முட்டிவலிக்குக் கஷாயம் காய்ச்சும் குடும்பம். என்ன இலை என்பது வீட்டு ரகசியம். மூத்த பிள்ளைக்கு மட்டும் காதில் சொல்வார்கள். கொழுந்து வைத்தியர் கையால் நாற்பது நாள் வாங்கிக் குடித்தால் ஏறாத படியும் ஏறலாம் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. கைராசிக்காரர். அந்தக் கஷாயத்துக்குக் கேட்காத முட்டியே கிடையாது என்பார்கள்.

குரு, டாக்டர் மரகதவல்லி. ஒரு அறக்கட்டளை நடத்தும் சித்த மருத்துவமனையில் மூலிகைகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு மருந்து அங்கே அலமாரி ஏறும்.

கொழுந்து போனதும் அந்தக் கையெழுத்துக்காகத்தான். முதல் நாளே இலையின் பெயரைக் கேட்டார் டாக்டர். கொழுந்து எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார். என்ன இலை என்று இந்தக் கதையைச் சொல்லும் எனக்கும் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

"சரி அண்ணாச்சி. கஷாயம் கேக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

"குடிச்சவங்களைக் கேட்டாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

"யாரைக் கேட்டீங்க?"

"ஊரையே கேளுங்க டாக்டரம்மா. ஏன், என் வீட்டுக்காரியவே எடுத்துக்கிடுங்க. மூணு வருசத்துக்கு முந்தி ரெண்டு முட்டியும் வீங்கி அழுதா. டவுன் ஆசுபத்திரியில எக்ஸ்ரே எடுத்து, மாத்திரை, பயிற்சின்னு என்னெல்லாமோ சொன்னாங்க. ஒண்ணும் வேண்டாம்னு நான் கூட்டிட்டு வந்துட்டேன். அன்னையில இருந்து தினம் காலையில என் கையால கஷாயம். இப்பம் நல்லா இருக்கா."

"நல்லா இருக்காங்கன்னு யார் சொன்னா?"

"அவளேதான். தினம் கேக்கேன், தினம் சொல்லுதா."

"என்ன சொல்லுதாங்க?"

"பரவாயில்லைன்னுதான்."

டாக்டர் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார்.

"சோதிச்சுப் பாப்போம்" என்றார். "கூட நின்னு நீங்களும் கத்துக்கிடுதீங்களா?"

கொழுந்து சம்மதித்தார். சும்மா சம்மதிக்கவில்லை. மறுநாள் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு வேட்டி எல்லாம் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்து குருதட்சணை என்று நீட்டினார். தன்னைவிடப் பதினேழு வயது இளையவருக்கு முன்னால் அவர் அப்படி நின்றது பார்க்க நன்றாகவே இருந்தது. டாக்டர் ஒரு பாக்கை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பழத்தை நோயாளிகள் அறைக்கு அனுப்பினார். வேட்டியைத் திருப்பித் தந்துவிட்டார்.

சோதனை இதுதான். முட்டிவலிக்காரர்கள் அறுபது பேர். முப்பது பேருக்கு இலைக் கஷாயம். முப்பது பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில், இலை சேராத வெறும் தண்ணீர். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீல மூடி. எந்த மூடிக்குள் எது என்பது மருந்து காய்ச்சும் அறையில் இருந்த ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் அதை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார். டாக்டருக்கே தெரியாது. அறுபது பேருக்கும் விஷயத்தை முதலிலேயே விளக்கி, சம்மதமும் வாங்கியாயிற்று.

கொழுந்துக்கு ஒரே ஒரு மனக்குறை. பாட்டிலை அவர் கையால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். மருந்து கொடுக்கும் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும்.

"என் கை பட்டாத்தான் டாக்டரம்மா அதுக்கு மதிப்பு."

"அப்பம் வேலை செய்யுறது இலையா, கையா?"

கொழுந்து யோசித்தார். ஐந்து தலைமுறையில் யாரும் இதைக் கேட்டதில்லை.

"உங்களுக்கு வேற வேலை இருக்கு" என்றார் டாக்டர். "கேட்டாத் தெரியும்னு சொன்னீங்கள்லா. செவ்வாய்க்கிழமைதோறும் வருவாங்க. நீங்க உங்க வழியில கேட்டு எழுதுங்க. நர்ஸ் ஜெபமணி அவ வழியில பாக்கட்டும்."

ஜெபமணியின் வழி வேடிக்கையானது. வராந்தாக் கடைசியில் ஒரு பாயை விரித்திருப்பாள். ஆளைத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வாள். கையில் கடிகாரம். எழுந்திருக்க எத்தனை விநாடி, எத்தனை தடவை கையை ஊன்றினார்கள் என்று நீளமான நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். இதென்ன பள்ளிக்கூடத்துத் தோப்புக்கரணம் மாதிரி என்று கொழுந்து மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

அவர் வழி அப்படி இல்லை. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைப்பார். முட்டியைத் தொட்டு அமுக்கிப் பார்ப்பார். மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டாளா, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பார். கடைசியில் முகத்தையே பார்த்துக் கேட்பார்.

"எப்படி இருக்கு?"

"உங்க புண்ணியத்துல பரவாயில்லை ஐயா" என்றார் பிச்சையா. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லிவிட்டு எழுந்து போய், கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வராந்தாவின் மூன்று படியையும் பக்கவாட்டில் ஒவ்வொன்றாக இறங்கினார்.

கொழுந்து அதைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பிச்சையா, குணம்.

எட்டு வாரம் முடிந்தது. கடைசிச் செவ்வாயைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, கொழுந்து நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். நடையே மாறியிருந்தது.

"அறுபதுக்கு அறுபது டாக்டரம்மா. ஒருத்தர் பாக்கி இல்லாம குணம்."

"சிவப்பு மூடிக்காரங்க எத்தனை பேர்?"

"முப்பது."

"நீல மூடி?"

"முப்பது."

"இதுல ஒரு மூடிக்குள்ள உங்க இலை கிடையாது அண்ணாச்சி."

சந்தோஷத்தில் அதை மறந்தே போயிருந்தார் மனிதர். நோட்டைப் பிரித்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்டினார். எல்லாம் அவர் கையெழுத்துதான்.

"அப்பம் அந்தத் தண்ணியக் குடிச்சவங்களுக்கு எப்படிக் குணமாச்சு?"

"நீங்கதானே கேட்டு எழுதுனீங்க."

கொழுந்து நோட்டை மூடினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் கஷாயம் கேக்குதா, கேக்கலையா?"

"பசிக்குது" என்றார் டாக்டர். "வாங்க, சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

மருத்துவமனைச் சமையல்கட்டில் அன்றைக்கு ரவை உப்புமா. சமையல்கார லூர்து இரண்டு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். டாக்டர் தன் தட்டைத் தொடவில்லை. கொழுந்து ஒரு வாய் எடுத்துப் போட்டார். மெல்லுவது நின்றது. பிறகு மெதுவாக மென்று விழுங்கினார்.

லூர்து நகராமல் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"அண்ணாச்சி, உப்புமா எப்படி இருக்கு?"

"பரவாயில்லைம்மா" என்றார் கொழுந்து.

டாக்டர் கையை நீட்டி அவருடைய நோட்டை எடுத்தார். அறுபதாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு எழுதினார். எழுதியதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அறுபத்தொன்று. உப்புமா, குணம்.

கொழுந்து அதைப் படித்தார். தட்டைப் பார்த்தார். லூர்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"உப்பு இருந்துதா?" என்றார் டாக்டர்.

"கல்லு அளவு கூட இல்லை."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்ல? அந்தப் பிள்ளை காலையில இருந்து அடுப்படியில நிக்குது. வேர்த்து வழியுது. நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டாவளான்னு முகத்தையே பாத்துக்கிட்டு நிக்குது. எனக்கு மனசு வரல."

"சரிதான்" என்றார் டாக்டர். "நீங்க வீட்டுல கஷாயம் காய்ச்ச எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"நாலரைக்கு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. எடுத்த கரண்டியைத் தட்டிலேயே வைத்தார். டாக்டர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு டாக்டர் எழுந்து போய் இரண்டு பொருள் கொண்டுவந்தார். ஒன்று ஜெபமணியின் நீளமான நோட்டு. மற்றது ஒட்டிய உறை.

"உங்க கேள்விக்குப் பதில் இந்த ரெண்டுலயும் இருக்கு. பிரிங்க."

கொழுந்து உறையைக் கையில் வாங்கினார். கனமே இல்லை.

"இன்னைக்கு வேண்டாம் டாக்டரம்மா. திங்கக்கிழமை பிரிக்கேன்."

"சரி."

ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. ஈசிசேரில் செய்தித்தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி ஆவுடைத்தங்கம் தரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்து முடித்து எழுந்தாள்.

கொழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் வலது கையை ஊன்றினாள். பிறகு இடது கை பீரோவின் பிடியைத் தேடிப் பிடித்தது. பாதி எழுந்து அப்படியே நின்றாள். கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு இன்னொரு தடவை சுவரில் கை வைத்துத்தான் முழுதாக நிமிர முடிந்தது. நாற்பது விநாடி. மூன்று தடவை கை.

நிமிர்ந்ததும் அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். உடனே சிரித்தாள்.

"என்ன அப்படிப் பாக்கிய?"

"ஒண்ணுமில்லை."

அன்றைக்கு முழுவதும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அவர் கண் முன்னாலேயே இருந்தவைதான். அம்மிக்குப் பக்கத்தில் எப்போதோ ஒரு முக்காலி வந்து சேர்ந்திருந்தது. அரிவாள்மனை பரணுக்குப் போய், மேஜை மேல் கத்தி வந்திருந்தது. பக்கத்துத் தெரு அம்மன் கோயிலுக்கு ஏழு படி. வெள்ளிக்கிழமைதோறும், எனக்கு வேலை கிடக்கு, நீங்க போயிட்டு வாங்க என்பாள். பாவம், வீட்டு வேலையே சரியாக இருக்கிறது என்று இவரும் போய்த் திருநீறு வாங்கி வந்து நெற்றியில் பூசிவிடுவார். இரண்டு வருஷமாக இது நடக்கிறது.

கொழுந்துக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அந்தக் கஷாயம் நிஜமாகவே கேட்கவில்லை என்றால், ஒரு பெண்ணை மூன்று வருஷம் வைத்தியத்துக்குப் போகவிடாமல் வீட்டில் பூட்டிவைத்தது அவர்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை.

திங்கட்கிழமை உறையைப் பிரித்தார். தாளில் ஒரே வரி. இலை, நீல மூடி.

டாக்டர் ஜெபமணியின் நோட்டைப் பார்த்து வாசித்தார். முன்னைக்கு இப்போது நன்றாக எழுந்திருப்பவர்கள், நீல மூடியில் முப்பதுக்கு ஏழு பேர். சிவப்பு மூடியில் முப்பதுக்கு எட்டு பேர்.

"தண்ணி ஒண்ணு கூடவா?" என்றார் கொழுந்து.

"ஒண்ணு கூட."

"அஞ்சு தலைமுறை டாக்டரம்மா."

"ம்."

"அத்தனையும் பொய்யா?"

"யாரும் பொய் சொல்லல அண்ணாச்சி. யாரும் ஒரு பாயை விரிச்சு எந்திரிக்கச் சொல்லிப் பாக்கல, அவ்வளவுதான்."

கொழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"ஊருக்குச் சொல்லிக்கிடலாம். நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் விட்டுருவாங்க. வீட்டுக்கு எப்படிச் சொல்ல?"

"என்ன ஆகும்னு பயப்படுதீங்க?"

"உடைஞ்சு போவா. என் கஷாயத்தை நம்பித்தான் உக்காந்திருக்கா. அது கேக்காதுன்னு சொல்லிட்டா அவளுக்கு வேற என்ன கதி?"

டாக்டர் ஜெபமணியின் நோட்டை மூடிவைத்தார்.

"உள்ளதைச் சொல்லுங்க. சொல்லிட்டு ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. எப்படி இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க. அதுக்கு அவங்ககிட்ட ஒரு பதில்தான் இருக்கு."

செவ்வாய்க்கிழமை பழக்கதோஷத்தில் நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து அடுக்களைக்குப் போனார். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கஷாயப் பானையைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். என்ன சொல்வது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பத்தும் சரியாக வரவில்லை.

வெளுத்ததும் தங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போலத் தம்ளருக்குக் கையை நீட்டினாள்.

"கஷாயம் எங்க?"

"இனிமே கிடையாது."

"ஏன், இலை கிடைக்கலையா?"

"இலை கிடக்கு. அது கேக்காது தங்கம். அறுபது பேரை வச்சுச் சோதிச்சுப் பாத்தாச்சு. கேக்கல. ஒண்ணுக்கும் உதவாத தண்ணியத்தான் மூணு வருசமா உனக்குக் காய்ச்சிக் கொடுத்திருக்கேன்."

தங்கம் அவர் முகத்தைப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த பானையைப் பார்த்தாள். இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பாடா" என்றாள்.

கொழுந்துக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"என்ன சொன்ன?"

"நாளைக்கும் கிடையாதுல்லா?"

"என்னைக்குமே கிடையாது."

"அப்பாடா." இந்தத் தடவை சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரித்ததில் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "மூணு வருசமா நாக்கு செத்துக் கிடக்கேன். காப்பியக் குடிச்சா கஷாயம், குழம்பை ஊத்துனா கஷாயம். முட்டிவலியக் கூடப் பொறுத்துக்கிடுவேன், அந்தத் தம்ளரைத்தான் பொறுக்க முடியல."

"ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"எப்படிச் சொல்ல? விடியுமுன்ன எந்திரிச்சு, கண்ணு எரிய எரிய அடுப்பை ஊதிக்கிட்டு நிக்கிய. தம்ளரை நீட்டும்போது உங்க மூஞ்சியப் பாக்கணுமே. பரீட்சை முடிவுக்கு நிக்குத பிள்ளை மாதிரி. அந்த மூஞ்சியப் பாத்துக் கேக்கலைன்னு எந்த வாயால சொல்ல?"

கொழுந்துக்கு அழுகை வந்தது. அழுகையோடு, சொல்லவே கூச்சமாக, ஒரு நிம்மதியும் வந்தது. மூன்று வருஷமாக ஒரு மனுஷியை விடாமல் குணப்படுத்திக்கொண்டே இருப்பது லேசான வேலையா? அதை இறக்கிவைத்ததும் தோள் அவருக்கே புதிதாக இருந்தது. அவள் உடைந்துபோவாள் என்று நினைத்தாரே, அந்தப் பயம் போன இடமும் தெரியவில்லை.

எப்படி இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டார்.

"தங்கம், ராத்திரி எத்தனை தடவை முழிக்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"நாலு தடவை. சில நாள் அஞ்சு. புரண்டு படுக்க முடியாதுல்லா."

"எந்த முட்டி முதல்ல பிடிக்கும்?"

"இடதுதான். காலை ஊனும்போது ஊசி வச்சுக் குத்துத மாதிரி. மழைக்காலம்னா ரெண்டும்."

"கோயில் படி?"

"ஏழு படியில்லா. மூணுலயே நின்னுருவேன். ஏறுறதக் கூடக் கைப்பிடியப் பிடிச்சு ஏறிப்புடலாம். இறங்கும்போது யாராவது பாத்தா, கொழுந்து வைத்தியர் பொண்டாட்டியே இப்படி இறங்குதான்னு சொல்ல மாட்டாங்களா? அதான் போகல."

கொழுந்து குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முற்றத்தில் வெயில் இறங்கும் வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் எழுந்து அவர் காப்பி மட்டும் போட்டார். தங்கம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"காப்பி மாதிரியே இருக்கு" என்றாள்.

பத்து மணி பஸ்ஸில் இரண்டு பேருமாக மருத்துவமனைக்குப் போனார்கள்.

முடிவைத் தெரிந்துகொள்ள வரச்சொன்ன நாள் அதுதான். வராந்தாவில் அறுபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்து அவர்கள் முன்னால் போய் நின்று, கைகூப்பி, உள்ளதைச் சொன்னார். கஷாயம் கேட்கவில்லை, இனிமேல் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, டாக்டரம்மா எல்லாருக்கும் வேறு வைத்தியம் பார்ப்பார் என்றார். பேச்சு தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

பிறகு பிச்சையா பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றார்.

"பரவாயில்லை ஐயா" என்றார். "நீங்க மனசை விட்டுராதீங்க."

கொழுந்து சிரித்துவிட்டார். ஏன் சிரிக்கிறார் என்று பிச்சையாவுக்குப் புரியவில்லை. கொழுந்து கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அன்னைக்கு நான் பாக்கல, படி எப்படி இறங்குனிய? இப்பம் நான் பாக்கேன், இறங்கிக் காட்டுங்க" என்றார்.

உள்ளே டாக்டர் தங்கத்தை உட்காரவைத்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

பழைய பழக்கம், தங்கம் முதலில் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் உள்ளே வந்த கொழுந்து சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே தொங்கிய காலண்டரை வாசிக்க ஆரம்பித்தார்.

"உயிர் போகுது டாக்டரம்மா" என்றாள் தங்கம். பண்டிகைக்குத் துணி எடுத்தவள் மாதிரி அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேய்மானம் இருக்கிறது, ஆனால் கை மீறிப் போகவில்லை, செய்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது என்றார். தொடைக்குப் பயிற்சி, வீக்கத்துக்கு மாத்திரை, டவுனில் எலும்பு டாக்டருக்கு ஒரு கடிதம். எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஜெபமணியைக் கூப்பிட்டார்.

ஜெபமணி வராந்தாவில் பாயை விரித்தாள். தங்கம் உட்கார்ந்து எழுந்தாள். நாற்பத்திரண்டு விநாடி, மூன்று தடவை கை. ஜெபமணி புதுப் பக்கத்தில் எழுதினாள்.

அறையில் கொழுந்தும் டாக்டரும் மட்டும் இருந்தார்கள். கொழுந்து தன் நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். அறுபது குணமும், ஒரு உப்புமாவும்.

"அஞ்சு தலைமுறையாக் காய்ச்சினோம் டாக்டரம்மா. கடைசியில ஒருத்தருக்கும் கேக்கலையே."

டாக்டர் ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தார். தங்கம் ஜெபமணியைப் பிடித்துவைத்துக்கொண்டு இடது முட்டியைக் காட்டி, வலது முட்டியைக் காட்டி, இடுப்பைக் காட்டி, விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். வாய் ஓயவே இல்லை.

"மருந்து கேக்கல அண்ணாச்சி" என்றார் டாக்டர். "நீங்க கேட்டுட்டீங்கள்லா."